ஓநாய்க் கூட்டம் நெரிசல் விலையைச் சொல்லுமா? மின்சந்தை ஆய்வுக்கு யோசனை வேண்டும்

ஈசூன்_மாணவன் | வெள்ளி, இரவு 9:42

எல்லோருக்கும் வணக்கம். வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாக மின்பொறியியல் முதுகலை படிக்கிறேன். ஆய்வுத் தலைப்பு: தாராளமயமான மின்சந்தையில் மின்தொடர் நெரிசலை, அதாவது லைன்கள் தாங்கும் வரம்பை மீறி மின்சாரம் ஓடும் நிலையை, ஆப்டிமைசேஷன் அல்காரிதம் கொண்டு சமாளிப்பது.

என் திட்டம் இது. எல்லோரும் எடுக்கும் ஐ.இ.இ.இ. 30-பஸ் மாதிரி வலையமைப்பை நானும் எடுக்கிறேன் (பஸ் என்றால் லைன்கள் சந்திக்கும் இடம்). 6 ஜெனரேட்டர், 41 லைன், மொத்தச் சுமை 283.4 மெகாவாட். முதல் பஸ்ஸுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே உள்ள லைனை வெட்டிவிட்டால் வேறு லைன்கள் வரம்பு மீறும். அப்போது எந்த ஜெனரேட்டரை எவ்வளவு ஏற்றி, எதை எவ்வளவு இறக்கினால் குறைந்த செலவில் நெரிசல் தீரும் என்பதைச் சாம்பல் ஓநாய் அல்காரிதத்தை (ஓநாய்கள் கூட்டமாக வேட்டையாடுவதைப் பார்த்து அமைத்த, தற்செயல் எண்களைக் கொண்டு தேடும் முறை) விட்டுத் தேடுவது. துகள் திரள் முறை, ஜெனடிக் அல்காரிதம் இரண்டோடும் ஒப்பிட்டு ஓர் அட்டவணை போடுவது.

முன்வரைவைப் பார்த்த பேராசிரியர் ஒரே ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்: "சிங்கப்பூர்ச் சந்தையில் இது எங்கே பொருந்தும்?"

இங்கே மின்துறையில் இருப்பவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

---

கம்பி_எண்ணுபவன் | வெள்ளி, இரவு 10:15

(பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், மின்கம்பிதான்.)

தம்பி, கேள்வி சின்னது, ஆனால் உங்கள் ஆய்வின் அடிமடியிலேயே கை வைக்கிறது.

இங்கே 2003 ஜனவரி 1 முதல் மொத்த மின்சந்தை நடக்கிறது. விதிகளுக்குப் பொறுப்பு எரிசக்திச் சந்தை ஆணையம். மின் அமைப்பை நொடிக்கு நொடி இயக்குவதும் அதன் ஒரு பிரிவுதான். ஏலத்தை நடத்துவது எனர்ஜி மார்க்கெட் கம்பெனி. கேபிள்கள் எஸ்.பி. குழுமத்துடையவை. அரை மணிக்கு ஒருமுறை ஒரு நிரல் ஓடும். உற்பத்தியாளர்கள் கொடுத்த விலைப் படிகள், எதிர்பார்க்கும் தேவை, லைன் வரம்புகள், மின் இழப்பு, ரிசர்வ் தேவை (ஒரு நிலையம் திடீரென்று நின்றால் கைகொடுக்கும் கையிருப்பு) எல்லாம் உள்ளே போகும். யார் எத்தனை மெகாவாட் ஓட்ட வேண்டும், ஒவ்வொரு கணுவிலும் (நீங்கள் பஸ் என்பதுதான்) விலை என்ன என்பது ஒன்றாக வெளியே வரும். அதன் உள்ளே இருப்பது லீனியர் புரோகிராமிங். டான்ட்சிக் 1947-ல் சிம்ப்ளக்ஸ் முறையைக் கொண்டுவந்தாரே, அந்தக் குடும்பம்.

கவனியுங்கள், நெரிசலைச் சமாளிப்பது என்று தனியாக ஒரு படி இதில் கிடையாது. லைன் வரம்பு ஏலத்துக்கு உள்ளேயே ஒரு கட்டுப்பாடு. முதலில் ஏலம், அப்புறம் நெரிசலைப் பார்த்து நிலையங்களை ஏற்றி இறக்குவது என்பது வேறு வகைச் சந்தை. ஜெர்மனியில் அப்படித்தான். நாடு முழுக்க ஒரே விலை மண்டலம். காற்றாலை வடக்கே, தொழிற்சாலைகள் தெற்கே. நடுவில் லைன் போதாது. நெரிசலைத் தீர்க்கும் செலவே ஆண்டுக்குப் பில்லியன் கணக்கான யூரோ. உங்கள் முன்வரைவு அந்த ஊருக்குப் பொருந்தும்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். ஓநாய் எத்தனை மெகாவாட் என்று சொல்லும். விலை என்ன என்று சொல்லுமா?

---

தெம்பனிஸ்_மலர் | வெள்ளி, இரவு 10:31

நான் மின்துறை இல்லை, போக்குவரத்துத் திட்டமிடல். ஆனால் இது நம் இ.ஆர்.பி. சாலைக் கட்டணம் மாதிரிதானே அண்ணே? விரைவுச்சாலை நிரம்பினால் கட்டணத்தை ஏற்று, சிலர் வேறு வழியில் போவார்கள், நெரிசல் குறையும். மின்சாரத்துக்கும் அப்படியே ஒரு கட்டணம் வைத்தால் முடிந்ததே?

---

கம்பி_எண்ணுபவன் | வெள்ளி, இரவு 11:08

பாதி சரி மலர். விலை வைத்து நெரிசலைப் பங்கிடுவது வரைக்கும் ஒற்றுமை. ஆனால் காரோட்டிக்கு வழியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு. மின்சாரத்துக்கு இல்லை. கிர்ச்சாஃப் விதிப்படி, இருக்கிற எல்லா வழியிலும் அது தானாகவே பிரிந்து ஓடும். "நீ அந்தக் கேபிளில் போகாதே" என்று சொல்ல முடியாது. நெரிந்த கேபிளில் ஓட்டத்தைக் குறைக்க முக்கிய வழி, எங்கே உற்பத்தி செய்கிறோம் என்பதை மாற்றுவது.

எண்களோடு பார்த்தால் புரியும். மூன்று கணுக்கள், முக்கோணமாக மூன்று லைன், மூன்றுக்கும் ஒரே மின்மறுப்பு. முதல் கணுவில் மலிவான நிலையம், மெகாவாட்-மணிக்கு 120 வெள்ளி. இரண்டாவதில் 200 வெள்ளி நிலையம். மூன்றாவதில் 300 மெகாவாட் தேவை. வரம்பு ஒன்றே ஒன்று: முதல் கணுவிலிருந்து மூன்றாவதுக்கு நேராகப் போகும் லைன் 160 மெகாவாட்டுக்கு மேல் தாங்காது.

முதல் நிலையத்தின் மின்சாரத்தில் மூன்றில் இரண்டு பங்கு நேர் லைனில் போகும், ஒரு பங்கு இரண்டாவது கணுவைச் சுற்றிப் போகும். இரண்டாவது நிலையத்தின் மின்சாரத்திலும் மூன்றில் ஒரு பங்கு முதல் கணு வழியாகச் சுற்றிவந்து அதே நேர் லைனில் ஏறும். முந்நூறையும் மலிவான நிலையமே கொடுத்தால் நேர் லைனில் 200 ஓடும். கூடாது. சமன்பாட்டைத் தீர்த்தால் முதல் நிலையம் 180, இரண்டாவது 120. செலவு 36,000 வெள்ளியிலிருந்து 45,600 ஆகிறது.

மூன்றாவது கணுவில் விலை என்ன? யோசித்துவிட்டுச் சொல்லுங்கள்.

---

ஈசூன்_மாணவன் | வெள்ளி, இரவு 11:20

200 வெள்ளி? கடைசியாகச் சேர்ந்த நிலையத்தின் விலைதானே.

---

சிம்ப்ளக்ஸ்_சித்தர் | வெள்ளி, இரவு 11:26

280.

---

ஈசூன்_மாணவன் | வெள்ளி, இரவு 11:29

எப்படி அண்ணா? இரண்டு பேரில் யாருமே 200-க்கு மேல் கேட்கவில்லையே!

---

சிம்ப்ளக்ஸ்_சித்தர் | வெள்ளி, இரவு 11:51

மூன்றாவது கணுவில் தேவை ஒரு மெகாவாட் கூடுகிறது என்று வையுங்கள். நேர் லைன் ஏற்கெனவே நிரம்பிவிட்டது, அதில் ஓட்டம் ஒரு துளிகூட ஏறக் கூடாது. அதற்கு ஒரே வழி, மலிவான நிலையத்தை ஒரு மெகாவாட் இறக்கி, விலை கூடிய நிலையத்தை இரண்டு மெகாவாட் ஏற்றுவது. 400 செலவு, 120 மிச்சம். நிகரம் 280.

இன்னொரு பக்கமிருந்து பாருங்கள். நேர் லைனின் வரம்பு 160-க்குப் பதில் 161 என்றால்? மலிவான நிலையம் மூன்று மெகாவாட் ஏறும், மற்றது மூன்று இறங்கும். மூன்று முறை 80, அதாவது மணிக்கு 240 வெள்ளி மிச்சம். இதுதான் அந்த லைனின் நிழல் விலை. லீனியர் புரோகிராமைத் தீர்க்கும்போது விடையோடு இதுவும் சேர்ந்தே வந்துவிடும், தனிக் கணக்கு வேண்டாம். சரிபார்க்க: 120 கூட்டல் 240-ன் மூன்றில் இரண்டு, 280. 200 கூட்டல் 240-ன் மூன்றில் ஒன்று, அதுவும் 280.

பணத்தையும் பார்த்துவிடுவோம். வாங்குபவர் கட்டுவது 300 முறை 280, அதாவது 84,000. நிலையங்களுக்குப் போவது 45,600. மீதி 38,400. இது 160 முறை 240. காசு எங்கேயும் ஓடிப்போகவில்லை, முழுக்க அந்த ஒரு லைனின் பேரில் நிற்கிறது. இதை யாருக்குக் கொடுப்பது என்பதுதான் உலகம் முழுக்க நடக்கும் சண்டை. அமெரிக்காவின் பி.ஜே.எம். சந்தை 1998-ல் கணு விலைக்கு வந்தது. அங்கே லைன் உரிமைப் பத்திரம் வைத்திருப்பவர்களுக்கு இந்த நெரிசல் பணம் போகும்.

---

கம்பி_எண்ணுபவன் | சனி, காலை 8:05

சித்தர் வேலையை முடித்துவிட்டார். இப்போது ஓநாய்க்கு வருவோம்.

உங்கள் அல்காரிதம் நன்றாக ஓடினால் 179.8, 120.2 என்று ஒரு விடை கொடுக்கும். சரி, போதும் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அந்த 240 எங்கே? ஓநாய் கூட்டமாகச் சுற்றி நல்ல இடத்தைக் கண்டுபிடிக்கும், அந்த இடத்தின் சரிவு என்ன என்று அதற்குத் தெரியாது. வரம்பை மீறினால் நீங்களே வைத்த ஒரு அபராத எண்ணைச் செலவோடு கூட்டியிருப்பீர்கள். அந்த எண்ணுக்கும் நிழல் விலைக்கும் சம்பந்தமில்லை.

அபராதம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இங்கே ஓடும் சந்தை நிரலிலும் அபராத விலைகள் உண்டு. எல்லா வரம்பையும் ஒருசேர மதிக்க முடியாத நிலை வந்தால், எதை எந்த விலைக்கு மீறலாம் என்பதற்கு. ஆனால் அவை ஆய்வாளர் இஷ்டத்துக்கு வைத்தவை அல்ல, விதிப்படி முன்கூட்டியே வரையறுத்தவை. எல்லோருக்கும் தெரியும்.

அடுத்தது இன்னும் முக்கியம். ஓநாயை இன்று ஓட்டினால் ஒரு விடை, நாளை வேறு தொடக்க எண்ணோடு ஓட்டினால் சற்றே வேறு விடை. ஆய்வுக் கட்டுரையில் "முப்பது முறை ஓட்டிய சராசரி" என்று எழுதிவிடலாம். சந்தையில் முடியாது. அரை மணிக்கு ஒரு தடவை லட்சக்கணக்கான வெள்ளி கைமாறுகிறது. ஒரு நிலையம் "எனக்கு ஏன் 5 மெகாவாட் குறைவு?" என்று தகராறு செய்தால், அதே உள்ளீட்டை மறுபடி போட்டு அதே விடையைக் காட்ட வேண்டும். உள்ளீட்டில் பிழை என்று தெரிந்தால் திருத்திப் போட்டு விலையை மறுகணக்கு செய்யும் ஏற்பாடும் விதியிலேயே இருக்கிறது. தற்செயல் எண்ணை நம்பி இதைச் செய்ய முடியாது.

---

பில்_பார்ப்பவள் | சனி, காலை 9:30

மூன்று கணுக் கணக்கை இரண்டு தடவை படித்தேன், புரிந்துவிட்டது, நன்றி. என் சந்தேகம் வேறு. நான் செங்காங்கில் இருக்கிறேன், அக்கா துவாஸ் பக்கம் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். இடத்துக்கு இடம் விலை வேறு என்றால், பவர் ஸ்டேஷன் பக்கத்தில் இருப்பவருக்குப் பில் குறைவா?

---

கம்பி_எண்ணுபவன் | சனி, காலை 9:48

இல்லை அம்மா. இங்கே விற்பவருக்கு அவரவர் கணுவின் விலை. வாங்குபவர்கள் எல்லோருக்கும் நாடு முழுக்க ஒரே விலை, வாங்கும் கணுக்களின் விலையை எடைபோட்டு எடுத்த சராசரி. நியூசிலாந்தில் 1996-லேயே கணு விலை வந்துவிட்டது, நம் சந்தை வடிவமைப்பில் அதன் சாயல் நிறைய. ஆனால் வாங்கும் பக்கம் ஒரே விலை என்று இங்கே முடிவெடுத்தார்கள். சின்ன ஊர், ஜூரோங்காரருக்கு ஒரு விலை, பிடோக்காரருக்கு ஒரு விலை என்றால் நாடாளுமன்றத்தில் யார் பதில் சொல்வது?

அதிலும் நீங்கள் வீட்டுக்குச் சீரான கட்டணத்திலோ சில்லறை விற்பனையாளரின் நிலைக் கட்டணத்திலோ இருந்தால், அரை மணி விலை உங்கள் கண்ணிலேயே படாது.

---

பில்_பார்ப்பவள் | சனி, காலை 9:55

கண்ணில் படாது என்கிறீர்கள், 2021 கடைசியில் என் விற்பனையாளர் கடையைக் கட்டிக்கொண்டு போனபோது நன்றாகவே பட்டது. ஒப்பந்தம் பாதியில் நின்று, மறுபடி எஸ்.பி.க்கே வந்து சேர்ந்தேன். அதுவும் நெரிசலா?

---

சிம்ப்ளக்ஸ்_சித்தர் | சனி, காலை 10:10

அது நெரிசல் இல்லை, எரிவாயு. நம் மின்சாரத்தில் சுமார் 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. உலகச் சந்தையில் எரிவாயு விலை ஏறியது, மொத்த விலை தாவியது, வீட்டுக்காரர்களுக்கு நிலை விலை வாக்குக் கொடுத்து முன்கொள்முதல் செய்யாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அதன் பிறகுதான் 2023 ஜூலையில் தற்காலிக விலை உச்சவரம்பு வந்தது. வேறு இழைக்குரிய விஷயம், இங்கே வேண்டாம்.

---

துவாஸ்_ராஜா | சனி, மதியம் 1:12

கேபிள் பக்கம் வேலை பார்ப்பவன். அல்காரிதம் எல்லாம் எனக்குத் தெரியாது, ஆனால் யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. சிங்கப்பூரில் நெரிசல் எங்கே அண்ணே இருக்கிறது?

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். பெரிய நிலையங்கள் துவாஸ், ஜூரோங் தீவு, வடக்கே செனோக்கோ. ஆள்களும் அலுவலகங்களும் நடுவிலும் கிழக்கிலும். மின்சாரம் எப்போதும் மேற்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் உள்ளே ஓடுகிறது. இந்த அமைப்பில் நெரிசல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏன் என்றால் பூமிக்கடியில் காசைக் கொட்டியிருக்கிறார்கள்.

தீவைக் குறுக்கே வெட்டும் கேபிள் சுரங்கம் இரண்டு. வடக்கு-தெற்கு காம்பாஸிலிருந்து மே சாலை வரை 18.5 கிலோமீட்டர். கிழக்கு-மேற்கு ஆயர் ராஜாவிலிருந்து பாய லேபார் வரை 16.5. சுமார் 60 மீட்டர் ஆழம், எம்.ஆர்.டி. பாதைகளுக்கும் கீழே. மொத்தத் திட்டம் 2.4 பில்லியன் வெள்ளி. உள்ளே 400 கிலோவோல்ட் கேபிள், 230-க்கும் இடம். ஒரு கேபிள் போனாலும் மற்றவை தாங்க வேண்டும் என்ற கணக்கில்தான் எல்லாம் போட்டது. மேலே ரோட்டைத் தோண்டாமல் பழுது பார்க்கலாம் என்பது எங்களுக்கு இன்னொரு நிம்மதி.

---

சிம்ப்ளக்ஸ்_சித்தர் | சனி, மதியம் 1:40

ராஜா சொல்வது முழுக்கச் சரி. சாதாரண நாளில் கணுவுக்குக் கணு இருக்கும் விலை வித்தியாசம் பெரும்பாலும் மின் இழப்பால் வருவது, நெரிசலால் அல்ல.

அதாவது சிங்கப்பூர் நெரிசலுக்கு அல்காரிதத்தால் அல்ல, செம்பாலும் கான்கிரீட்டாலும் பதில் சொல்லியிருக்கிறது. செலவு மறைந்துவிடவில்லை. எஸ்.பி. கட்டண விவரத்தில் எரிசக்திச் செலவுக்குக் கீழே கட்டமைப்புச் செலவு என்று ஒரு வரி இருக்கும், அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. @பில்_பார்ப்பவள், உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் இதுதான். ஒவ்வொரு யூனிட்டுக்கும் நெரிசல் வராமலிருக்க நாம் எல்லோரும் சந்தா கட்டுகிறோம்.

---

முப்பந்தல்_காற்று | சனி, மாலை 6:25

ஊர் திருநெல்வேலி, இப்போது உட்லண்ட்ஸ். லைன் போடாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம்ம ஊரே சாட்சி.

இந்தியாவில் மின் ஏலச் சந்தை 2008-ல் ஆரம்பித்தது. அங்கே கணு விலை இல்லை, மண்டல விலை. முதலில் நாடு முழுக்க ஒரே சந்தையாகக் கணக்குப் போடுவார்கள். மண்டலங்களுக்கு இடையே ஓட்டம் லைன் வரம்பை மீறினால் சந்தையைப் பிளப்பார்கள், இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் ஒரு விலை. தென்மண்டலம் அப்போது மற்ற கட்டமைப்போடு ஒரே அதிர்வெண்ணில் இணையவே இல்லை; நேர்மின்னோட்ட இணைப்புகள் வழியாக அளவாகத்தான் வரும். கிழக்கிலும் சத்தீஸ்கரிலும் விற்க ஆள் தேடினார்கள். நமக்கு வாங்கக் காசு இருந்தாலும் கொண்டுவர வழியில்லை. தென்மண்டல விலை தனியாக மேலே நின்றது.

2012-ல் சென்னைக்கு வெளியே எத்தனை மணி நேரம் மின்வெட்டு என்று இங்கே பலருக்கு நினைவிருக்கும். உற்பத்தி போதாததும் காரணம்தான், ஆனால் லைனும் ஒரு காரணம். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வந்து தெற்கும் ஒரே கட்டமைப்பில் சேர்ந்தது. அப்புறம் ராய்கர்–புகளூர் நேர்மின்னோட்ட லைன், 800 கிலோவோல்ட், 6,000 மெகாவாட், சுமார் 1,800 கிலோமீட்டர். நெரிசலில் மிஞ்சும் பணம் அங்கே மின் அமைப்பு மேம்பாட்டு நிதிக்குப் போகிறது. சித்தர் கேட்ட "யாருக்கு" என்ற கேள்விக்கு இது ஒரு பதில்.

வேடிக்கை என்னவென்றால், ஓநாய், வௌவால், மின்மினி என்று அல்காரிதம் வைத்து நெரிசலைத் தீர்க்கும் கட்டுரைகளில் பெரும்பங்கு நம்ம ஊர்க் கல்லூரிகளிலிருந்துதான் வருகிறது. அவற்றில் ஒன்றில்கூட தென்மண்டல எல்லை லைனை நான் பார்த்ததில்லை. எல்லாம் அமெரிக்க 30-பஸ்தான்.

---

பாதி_முனைவர் | சனி, இரவு 10:02

எல்லோரும் சேர்ந்து ஓநாயை இப்படி அடித்தால் எப்படி? நான் கொஞ்சம் அதன் பக்கம் பேசுகிறேன்.

நீங்கள் காட்டிய முக்கோணம் நேர்கோட்டுக் கணக்கு. வோல்டேஜ் எல்லாம் சமம், ரியாக்டிவ் மின்திறன் இல்லை என்று வைத்துக்கொண்ட சுருக்கம். உண்மையான மாறுமின்னோட்டச் சமன்பாடுகள் வளைந்தவை, குழிகள் பல இருக்கலாம். சிம்ப்ளக்ஸ் அங்கே வேலை செய்யாது. கார்பெந்தியே 1962-ல் உகந்த மின்னோட்டக் கணக்கை எழுதிவைத்த நாளிலிருந்து இது தலைவலிதான். வளைவு, சரிவு எதைப் பற்றியும் கவலைப்படாமல் தேடும் முறைக்கு இங்கே இடம் உண்டு. வால்வுப் புள்ளி விளைவு (நீராவி வால்வுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும்போது செலவு ஏறி இறங்குவது) மாதிரி செலவுக் கோடே பல்லும் சில்லுமாக இருந்தால் இன்னும் இடம் உண்டு.

---

சிம்ப்ளக்ஸ்_சித்தர் | சனி, இரவு 10:40

நியாயமான வாதம், ஆனால் பாதி வழிதான் வருகிறது. சிம்ப்ளக்ஸ் இல்லாவிட்டால் அடுத்தது ஓநாய் என்று இல்லையே. நடுவில் உட்புள்ளி முறை இருக்கிறது, சரிவைப் பார்த்துப் பார்த்து வளைந்த கணக்கையும் தீர்ப்பது. 30-பஸ் மாறுமின்னோட்டக் கணக்கை மேட்பவர் என்ற மென்பொருளில் போட்டால் ஒரு நொடிக்குள் விடை வரும், நிழல் விலைகளோடு. அமெரிக்க எரிசக்தித் துறையின் ஆர்ப்பா-ஈ அமைப்பு ஆயிரக்கணக்கான பஸ்களை வைத்து ஒரு போட்டி நடத்தியது. முதல் சுற்றில் முதலிடம் பிடித்த லாரன்ஸ் லிவர்மோர் குழுவினர் நம்பியது உட்புள்ளி முறையையும், பெரிய கணக்கைத் துண்டு போட்டுத் தீர்க்கும் உத்தியையும்தான்.

நான் எரிச்சலடைவது இன்னொன்றில். இந்தக் கட்டுரைகள் ஓநாயை வௌவாலோடு ஒப்பிடும், வௌவாலைத் தேனீயோடு ஒப்பிடும். உட்புள்ளி விடையை மட்டும் அட்டவணையில் சேர்க்கவே சேர்க்காது. சேர்த்தால் ஆட்டம் முடிந்துவிடும்.

---

பாதி_முனைவர் | சனி, இரவு 10:58

கடைசிப் பத்தியை மறுக்க மாட்டேன். :) ஆனால் "ஆம்/இல்லை" முடிவுகளுக்கு என்ன சொல்கிறீர்கள்?

---

கம்பி_எண்ணுபவன் | ஞாயிறு, காலை 7:50

அங்கேதான் எனக்கும் ஆர்வம். பாதி முனைவர் சரியான கதவைத் தட்டிவிட்டார்.

அதே முக்கோணம், வரம்பை மட்டும் மாற்றுவோம். நேர் லைன் 300 தாங்கும். முதல் கணுவுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே உள்ள லைன் 40 மெகாவாட்தான் தாங்கும். அந்த லைனில் ஓடுவது இரண்டு உற்பத்திக்கும் உள்ள வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஆக வித்தியாசம் 120-க்கு மேல் போகக் கூடாது. முதல் நிலையம் 210, இரண்டாவது 90. செலவு 43,200.

இப்போது அந்த 40 மெகாவாட் லைனை அப்படியே திறந்துவிடுங்கள், பிரேக்கரை எடுத்துவிடுங்கள். சுற்றுவழி போய்விட்டது. மலிவான நிலையத்தின் 300-ம் நேர் லைனிலேயே போகும். செலவு 36,000. ஒரு லைனைக் குறைத்ததால் மணிக்கு 7,200 வெள்ளி மிச்சம்!

உங்கள் 30-பஸ்ஸில் 41 லைன். ஒவ்வொன்றும் திறந்தோ மூடியோ இருக்கலாம் என்றால் சேர்க்கைகள் இரண்டு லட்சம் கோடிக்கு மேல். இங்கே நிழல் விலை கைகொடுக்காது, ஏனென்றால் பிரேக்கரைப் பாதி திறக்க முடியாது. இப்படிப்பட்ட ஆம்/இல்லை முடிவுகளுக்கென்றே முழு எண் நிரலாக்கம் இருக்கிறது, சின்ன வலையமைப்பில் நன்றாகவே தீர்க்கும். பெரியதில் நேரம் எகிறும். எந்த லைனில் தைரிஸ்டர் கட்டுப்படுத்தும் தொடர் மின்தேக்கி (லைனின் மின்மறுப்பை மாற்றி ஓட்டத்தைத் திருப்பும் கருவி) வைப்பது, எந்தத் துணைநிலையத்தில் பேட்டரி வைப்பது போன்ற திட்டமிடல் கேள்விகளும் இதே சாதி. இதற்கு அரை மணி கெடு இல்லை, இரவு முழுக்க ஓடலாம். யாரும் அந்த விடையை வைத்துப் பில் போடப் போவதில்லை. ஓநாயை இங்கே விடுங்கள்: எந்த லைன், எந்த இடம் என்று அது தேடட்டும். தேடும் ஒவ்வொரு நிலையிலும் உள்ளே உட்புள்ளியோ சிம்ப்ளக்ஸோ ஓடி மெகாவாட்டையும் விலையையும் சொல்லட்டும்.

---

துவாஸ்_ராஜா | ஞாயிறு, காலை 8:20

அண்ணே, பிரேக்கரைத் திறந்து விளையாடுவதெல்லாம் கணினியில் சரி. கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் ஒரு லைனைத் திறந்துவைத்திருக்கும்போது இன்னொன்று போய்விட்டால் ஊர் இருட்டு. 2018 செப்டம்பர் 18 அதிகாலை நினைவிருக்கிறதா? அன்று காரணம் வேறு, உற்பத்திப் பக்கக் கோளாறு, ஆனாலும் ஒன்றரை லட்சம் வாடிக்கையாளர்களுக்குக் கிட்ட மின்தடை.

---

கம்பி_எண்ணுபவன் | ஞாயிறு, காலை 8:34

சரியான எச்சரிக்கை. எந்தச் சேர்க்கையை எடுத்தாலும் "ஏதாவது ஒன்று போனாலும் தாங்குமா" என்ற சோதனையை அதற்குள் கட்டாயம் வைக்க வேண்டும். அதை விட்டுவிட்டு வரும் மிச்சம் மிச்சமே இல்லை. பெரும்பாலான கட்டுரைகள் அங்கேதான் சறுக்குகின்றன.

---

தெம்பனிஸ்_மலர் | ஞாயிறு, காலை 11:15

இங்கே நெரிசலே இல்லை, சுரங்கம் போட்டாகிவிட்டது என்றால், தம்பி சிங்கப்பூரை விட்டுவிட்டு வேறு ஊரை எடுப்பதுதானே?

---

சிம்ப்ளக்ஸ்_சித்தர் | ஞாயிறு, மதியம் 12:30

இன்று இல்லை, நாளை அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது.

2022 ஜூனில் லாவோஸிலிருந்து தாய்லாந்து, மலேசியா வழியாக 100 மெகாவாட் நீர்மின்சாரம் வரத் தொடங்கியது. 2035-க்குள் 6 கிகாவாட் இறக்குமதி என்பது அரசின் இலக்கு. நம் உச்சத் தேவையே 8 கிகாவாட்டை ஒட்டித்தான் இருக்கிறது. கம்போடியா, வியட்நாம், இந்தோனேசியா என்று நிபந்தனை ஒப்புதல்கள் போயிருக்கின்றன, பல கடலடிக் கேபிள்கள். அவை கரையேறுவது விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களில். இதுவரை மேற்கிலிருந்து கிழக்கே ஓடிய மின்சாரம் இனி எங்கிருந்து எங்கே ஓடும்? மேற்கே எரிவாயு நிலையம் குறைவாக ஓடி, வேறு கரையில் ஒரு கிகாவாட் ஒரே புள்ளியில் இறங்கினால் வலையமைப்பின் ஓட்டமே மாறும்.

அதோடு ரிசர்வ். இப்போது திடீரென்று விழக்கூடிய பெரிய அலகு ஒரு எரிவாயு யூனிட். ஒரு கேபிளில் 1,000 மெகாவாட் வந்தால் அந்தக் கேபிள்தான் பெரிய ஆபத்து, அதற்கேற்ப ரிசர்வ் வைக்க வேண்டும். நம் சந்தை நிரல் மின்சாரத்தையும் ரிசர்வையும் ஒரே கணக்கில் தீர்க்கிறது, ஆகவே கேபிளில் எவ்வளவு ஏற்றுவது என்பதை லைன் வரம்பு மட்டுமல்ல, ரிசர்வ் விலையும் தீர்மானிக்கும். இதை வைத்து ஒரு அத்தியாயம் எழுதலாம் தம்பி.

---

ஈசூன்_மாணவன் | ஞாயிறு, இரவு 9:10

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக இதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். திட்டத்தை இப்படி மாற்றியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

30-பஸ் இருக்கட்டும், ஆனால் சரிபார்க்க மட்டும். முதலில் கம்பி அண்ணனின் முக்கோணத்தை நிரலில் போட்டு 280-ம் 240-ம் வருகிறதா என்று பார்ப்பேன். அப்புறம் மேற்கிலும் வடக்கிலும் உற்பத்தி, நடுவிலும் கிழக்கிலும் தேவை என்று ஒரு சிறு வலையமைப்பு. எண்கள் என் சொந்தக் கற்பனை, சிங்கப்பூர்த் தரவு என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். அதில் ஒரு கரையில் 1,000 மெகாவாட் இறக்குமதி. உள்ளே லீனியர் புரோகிராம், மின்சாரமும் ரிசர்வும் சேர்த்து. வெளியே ஓநாய், எந்த இரண்டு துணைநிலையத்தில் பேட்டரி வைப்பது என்று மட்டும் தேடும். ஒப்பிட முழு எண் நிரலாக்கத்தின் விடை. ஓநாய் தோற்றால் தோற்றது என்றே எழுதுவேன்.

---

சிம்ப்ளக்ஸ்_சித்தர் | ஞாயிறு, இரவு 9:22

இரண்டு பேட்டரி என்றால் எல்லாச் சேர்க்கையையும் வரிசையாகப் போட்டே பார்த்துவிடலாம், 30 கணு இருந்தாலும் 435 ஜோடிதான். நான்கு, ஐந்து வையுங்கள், அப்போதுதான் தேட வேண்டியிருக்கும்.

---

பாதி_முனைவர் | ஞாயிறு, இரவு 9:30

முழு எண் விடையோடு ஒப்பிடுவதாக நீங்களே எழுதியது போதும், உங்கள் நேர்மையைப் பேராசிரியர் பார்த்துக்கொள்வார்.

---

துவாஸ்_ராஜா | ஞாயிறு, இரவு 9:47

ஒரு சின்ன விஷயம். கேபிள் வரம்பு என்று ஒரே எண்ணைப் போடாதீர்கள். நிலத்தடிக் கேபிள் மெதுவாகத்தான் சூடேறும், சுற்றியிருக்கும் மண்ணும் சேர்ந்து சூடாக வேண்டும், மணிக்கணக்கில் ஆகும். அதனால் தொடர்ந்து ஏற்றும் வரம்பு வேறு, பக்கத்துக் கேபிள் போனபின் சில மணி நேரத்துக்கு அவசரமாக ஏற்றும் வரம்பு வேறு. இரண்டாவது கூடுதலாக இருக்கும்.

---

ஈசூன்_மாணவன் | ஞாயிறு, இரவு 10:03

அப்படியென்றால் "ஒன்று போனாலும் தாங்குமா" சோதனையில் அவசர வரம்பு, சாதாரண ஏலக் கணக்கில் தொடர் வரம்பு. ஒவ்வொரு கேபிளுக்கும் இரண்டு எண் சேர்த்துவிட்டேன் ராஜா அண்ணே. பேட்டரியும் நான்காக்கியாகிவிட்டது. முன்வரைவை நாளைக் காலை பேராசிரியருக்கு அனுப்புகிறேன்.